ஐந்தில் மூன்று

அன்புள்ள ட்ரெமெய்ன்,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் நலத்தை விசாரிக்கப் போவதில்லை, கேட்டால் நீ உண்மை சொல்ல மாட்டாய். போனில் சொல்வது உன்னிடம் நிற்பதில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் கடைக்குப் போய் வெண்டைக்காய், இறால், மெழுகுவத்தி, சோப்பு, நூல்கண்டு வாங்கி வந்தேன். வழியில் முடிவெட்டும் கடையில், ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்தில் நீ ஹெல்மெட்டோடு மோதியதை டிவியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிரணிப் பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போகும் இடம் வரும்போதெல்லாம் கைதட்டல். கடைக்காரர் புட்ரோ என்னைப் பார்த்து, "அக்கா, உம்புள்ளைக்கு அது தலையா, சம்மட்டியா?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். எழுந்ததும் நீ தள்ளாடிப்போய் எதிரணியோடு நின்றாயே, அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

ஆட்டத்துக்கு மறுநாள் மூன்று முறை போன் செய்தாய். மூன்று முறையும் நம் நாய் ரூஃபஸ் சாப்பிட்டானா என்று கேட்டாய். மார்ச் மாதம் நீயேதானே குழிவெட்டிப் புதைத்தாய் என்றேன், அழுதாய். இரண்டாம் முறையும் சொன்னேன், புதிதாகக் கேட்பவன்போல அழுதாய். மூன்றாம் முறை, சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றேன். அப்பாவிடம் சொன்னால், "அடிபட்டா ரெண்டு நாளு அப்படித்தான்டி. நான் ஆடுறப்போ உம்பேரே மறந்துபோச்சு, கல்யாணம் நின்னா போச்சு?" என்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பதினைந்து வயதில் பள்ளி அணியில் சேர்ந்தபோது உன்னைச் சமையலறை மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. சீசன் தொடங்குமுன் டாக்டர் ஐந்து சொற்கள் சொல்லித் திரும்பக் கேட்பார், ஐந்தும் நினைவிருந்தாலும் மூன்றே சொல், உன் அளவே அதுதான் என்று எழுதிக்கொள்வார், பிறகு அடிபட்டு மூன்றே நினைவிருந்தாலும் உன்னை வெளியே உட்காரவைக்க மாட்டார்கள் என்றேன். கல்லூரியில் படித்த மூளை, பிள்ளையின் மூளை கலங்கினால் யாருக்கும் தெரியாமலிருக்க வழி கண்டுபிடித்தது. பத்து வருடமாக ஒவ்வொரு சீசனும் மூன்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் கண்ணடிக்கிறாய்.

உன் அணி டாக்டருக்கு எல்லாவற்றையும் எழுதி இன்று கூரியரில் அனுப்பிவிட்டேன். இனி உன்னைக் களத்தில் இறக்க மாட்டார்கள். "எம்பொழப்புல மண்ணள்ளிப் போட்டியே" என்று கத்துவாய். கத்து. மறுநாளும் அந்தக் கோபம் உனக்கு நினைவிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

கார் ஓட்டாதே. கடவுள் உன்னைக் கைவிடாதிருக்கட்டும். பதில் எழுதும்போது, மேலே திரும்பிப் பார்க்காமல், நான் கடையில் வாங்கிய ஐந்தையும் எழுதி அனுப்பு. இந்த முறை, தெரிந்ததை மறைக்காதே.

உன் அம்மா,
யுலாண்டா