வலிக்கிறது என்று சொன்ன வாய்

அண்ணி,

இன்று அவலூர்பேட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருவர், பையிலிருந்து குட்டிப் பாட்டிலை எடுத்து முழங்காலில் எண்ணெய் தடவிக்கொண்டார். மல்லிகை செண்ட் கலந்த அந்த வாசனை, உங்கள் வீட்டில் அடித்த அதே வாசனை.

"மூட்டு வலியாம்மா?" என்று கேட்டேன்.

"வலின்னு வாயால சொல்லக் கூடாதும்மா. பிரதர் ஜெபிச்ச எண்ணெ. சுகமாய்ட்டேன்."

சுகமான அவரைப் படியிலிருந்து இறக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பொய் நம் ஊர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்வருகிறது, அண்ணி.

ஏமாறக்கூடிய ஆளாக நீங்கள் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. நீங்கள் உபதேசியார் மகள். நம் பழைய சபையில் போதகர் வசனத்தின் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் விரல் அந்தப் பக்கத்தில் இருக்கும். "முன்னாடி ரெண்டு வசனம், பின்னாடி ரெண்டு வசனம் படிக்கணும். இல்லன்னா அது வெறும் துண்டு," என்பீர்கள். நான் அவசரமாகப் படித்தால், "பி.ஏ. படிச்சவளே இப்படித் தாண்டித் தாண்டிப் படிச்சா, படிக்காதவ இன்னா பண்ணுவா?" என்று சீண்டுவீர்கள்.

திருவண்ணாமலை ரோட்டில் உரக்கடை மாடியை வாடகைக்கு எடுத்து அந்தக் கூட்டம் தொடங்கியபோது, முதலில் போனது அண்ணன்தான். மெட்ராஸிலிருந்து புல்லட்டில் வந்திறங்கிய இளைஞரை எல்லோரும் பிரதர் என்றே அழைத்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அங்கே போகத் தொடங்கிய பிறகு அண்ணன் குடியை விட்டார். சாயங்காலமே வீட்டுக்கு வந்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

பிறகு பிரதரின் பிரசங்கக் கேசட்டுகள் வந்தன. வாய் எதை அறிக்கையிடுகிறதோ அதுவே நடக்கும். நோய் என்று சொன்னால் நோய்க்கு நாமே இடம் கொடுக்கிறோம். சுகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சுகம். விசுவாசம் இருந்தால் ராஜகிரி மலையையே பெயர்க்கலாம் என்று அண்ணன் ஒருநாள் வாசலில் நின்று முழங்கினார். எதிர்வீட்டு மும்தாஜ் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள்.

"மலை அங்கியே இருக்கட்டும்ண்ணே. தெருக் கொழாயில தண்ணி வர வெக்கச் சொல்லுங்க உங்க பிரதரை, நானும் கூட்டத்துக்கு வரேன்!"

நீங்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சைக் கேட்டு நீங்கள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை உதிர்க்கும் சமயம் அது. அடுப்படிச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அடிவயிற்றை அழுத்திக்கொண்டு நின்றீர்கள். "இன்னா அண்ணி?" என்றேன். "ஒண்ணுமில்ல. சுகமா இருக்குறேன்," என்றீர்கள். உதட்டுக்கு மேல் வியர்த்திருந்தது. நான் போட்ட சண்டையில் அண்ணன் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மறுநாள் நீங்களே சொன்னீர்கள்.

"டாக்டரம்மா அழுத்தி அழுத்திப் பாத்தாங்க. இங்க வலிக்குதா, இங்க வலிக்குதான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன். அவரு பக்கத்துலயே நின்னாரு."

கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். டாக்டரிடம் போயும் நோயை மறைத்துவிட்டு வர ஒரு மனுஷியைப் பழக்கியிருந்தார்கள், ஆண்டவர் பெயரால்.

நான் பைபிளை எடுத்துக்கொண்டு உங்கள் அடுப்படிக்கே வந்தேன். மரணமும் ஜீவனும் நாவின் அதிகாரத்தில் இருக்கும் என்று கேசட்டில் ஓயாமல் வரும் வசனத்தை எடுத்து, நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே படித்தேன். முன்னால் இருப்பது மனம் கசந்த சகோதரனும் வாயின் பலனால் நிறையும் வயிறும். பின்னால் ஒரு மனைவி. அதற்கடுத்து, கெஞ்சிப் பேசுகிற ஏழையும் கடுமையாகப் பதில் சொல்லும் பணக்காரனும். நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறைப் பவுல் பெயர் சொல்லித்தானே எழுதினார்? கூட வந்த துரோப்பீமுவை நோயாளி என்று சொல்லித்தானே மிலேத்துவில் விட்டுவிட்டுப் போனார்?

நீங்கள் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா? மொத கேசட்டு கேட்ட அன்னிக்கே எடுத்துப் பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அண்ணி?"

"உங்கண்ணன் நெதானமா வீட்டுக்கு வர்றாருடி. இது தப்புன்னு நான் சொன்னா, மறுபடியும் சாராயக் கடைக்குப் போய்டுவாரு. பயமா இருக்குது."

சோதித்துப் பார்த்து, பொய் என்று தெரிந்து, அதை விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். ஒரு ஆணின் நிதானத்துக்கு உங்கள் வயிற்றைக் கொடுத்தீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அண்ணி. இந்தக் கடிதத்தில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது புற்றுநோய் வயிறெங்கும் பரவியிருந்தது. ஒரு மத்தியானம், அண்ணன் டீ குடிக்கக் கீழே போயிருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "வலிக்குதுடி. ரொம்ப வலிக்குது." சொன்னதும் முகம் இளகியது. பிறகு எண்பத்தெட்டாம் சங்கீதத்தைப் படிக்கச் சொன்னீர்கள். தொடக்கத்திலிருந்து முடிவுவரை முறையீடு. ஆறுதல் வராமல், இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. "பாத்தியா, இதையும் பைபிள்லதான் வெச்சிருக்காங்க," என்றீர்கள்.

அண்ணன் வந்து நின்றார். அவரிடமும் சொன்னீர்கள். "வலிக்குதுங்க."

"அப்படிச் சொல்லாதே, சொல்லாதே," என்று கைகூப்பினார்.

நீங்கள் மறுபடியும் சொன்னீர்கள். இந்த முறை பக்கத்துக் கட்டில்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி.

கல்லறைத் தோட்டத்தில் அந்தப் பிரதர் பேசினார். சகோதரி கடைசி நேரத்தில் வாயைக் காத்துக்கொள்ளவில்லை, அவிசுவாசம் உள்ளே வந்துவிட்டது என்றார். அதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? அண்ணன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் போய் நின்றேன்.

"சிலுவையில ஆண்டவர் தாகமா இருக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னாரே. அதுவும் அவிசுவாசமா?"

"சாத்தானும் வசனம் பேசுவான், சிஸ்டர்," என்றார் அவர். அவ்வளவுதான் அவரிடம் இருந்தது.

அண்ணன் இப்போதும் குடிப்பதில்லை. இன்னும் அந்த மாடிக்குத்தான் போகிறார். என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் மாறி நடக்கிறார்.

நான் நம் பழைய சபையில் பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். என் ஜெபம் இப்போதெல்லாம் ஸ்தோத்திரத்தில் தொடங்குவதில்லை. வலிக்கிறது என்று, நீங்கள் சொன்ன அதே வேகத்தில் தொடங்குகிறேன். நன்றி சொல்லாமலே சில நாள் முடித்தும் விடுகிறேன். ஆண்டவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் நம்புகிறேன், அண்ணி. கேட்கவில்லை என்றால், இத்தனை கோபத்தையும் நான் யாரிடம் கொண்டுபோய்ப் போடுவேன்?