காத்திருக்கச் சொன்னவருக்கு

டாக்டர்,

இன்று காலை ரத்த அழுத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. சொட்டுச் சொட்டாக இறங்கிய அந்த நீரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னா டீச்சர், தலை சுத்துதா?" என்று நர்ஸ் கேட்டாள். நான் உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளில் நீங்கள் எங்கள் சுரங்க ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டராக வந்தபோது ஊரே வியந்தது. மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்திய சிறுநீரக நிபுணருக்கு இந்தப் புழுதியில் என்ன வேலை? எங்கள் பள்ளி விழாவில் நீங்களே அதற்குப் பதில் சொன்னீர்கள்: "பாறை விழுந்து கால் நசுங்கினவங்க பலர் கிட்னி கெட்டுத்தான் சாகறாங்க. அதைப் படிச்சவன் இங்கதான் இருக்கணும்."

நீங்கள் வந்த கொஞ்ச நாளில் பாறைக்கடியிலிருந்து ஒருவரை உயிரோடு மீட்டு, மாலை போட்டுக் கொண்டுவந்தார்கள். சிறுநீர் நின்று அவர் வார்டில் இறந்துபோனார். அதன் பிறகு மீட்புக் குழுவுக்கு நீங்களே பயிற்சி கொடுத்தீர்கள். பாறையைத் தூக்கிய உடனே நசுங்கிய சதையின் விஷம் ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் முதலில் டிரிப், பிறகுதான் பாறை. அந்தக் குழுவில் இருந்த என் கணவர் தேவராஜ் வீட்டுக்கு வந்து, "இந்த டாக்டரு நம்ம ஆளு" என்றார்.

ஒரு பிற்பகல் வகுப்பறையின் தரை அதிர்ந்தது. சுரங்கத்தின் விபத்துச் சங்கு ஊதியது. மற்றப் பெண்களோடு நானும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினேன். ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஏறி நீங்கள் சுரங்கத்துக்குள் இறங்குவதைப் பார்த்தேன்.

கீழே நடந்ததைக் கூட இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சுரங்கத் தொழிலாளி முனிரத்தினத்தின் கால்மேல் பாறை. தேவராஜ் பாறையைத் தூக்கும் ஜாக்கைப் பொருத்திப் பிடித்திருந்தார். "எடுங்கய்யா, தாங்க முடியல" என்று முனிரத்தினம் கதறினான். "கொஞ்சம் பொறுங்க, இந்த பாட்டில் ஏறட்டும்" என்றீர்கள். என் கணவர் ஜாக்கை விடவில்லை. பாட்டில் முடியும் நேரத்தில் மேற்கூரை மறுபடி இடிந்தது.

இருவரையும் ஒரே கேஜில் கொண்டுவந்தார்கள். முனிரத்தினத்துக்கு மூச்சு இருந்தது.

விசாரணை முடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்று ஆபீசில் உங்களுக்குச் சொல்லியிருந்தார்களாம். என் கணவரின் காரியம் முடிந்ததும் நீங்கள் தனியாக என் வீட்டுக்கு வந்தீர்கள்.

"நான்தான் பொறுக்கச் சொன்னேன், டீச்சர். சொல்லாம இருந்தா அவர் வெளிய வந்திருப்பார்."

"அப்போ முனிரத்தினம்?"

"செத்திருப்பார்."

"மறுபடி இப்படி நடந்தா இன்னா சொல்வீங்க?"

"பொறுக்கத்தான் சொல்வேன்."

"வெளிய போங்க" என்றேன். போய்விட்டீர்கள்.

விசாரணையில் உங்கள்மேல் தவறில்லை என்றார்கள். கல்லூரி உங்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. துறைத் தலைவரானீர்கள், பிறகு அந்தக் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரிக்கே தலைவரானீர்கள். பத்திரிகையில் உங்கள் படம் வரும்போதெல்லாம் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

ஒருமுறை ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவன், என்னைக் கண்டதும் திருடனைப் போலக் கூட்டத்துக்குள் ஒதுங்கினான். "இன்னாத்துக்கு ஓடுற? நில்லு" என்றேன். அழுதுவிட்டான். அந்தக் குழந்தை அவன் காதைப் பிடித்துத் திருகிச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

போன வாரம் உங்கள் மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "கடைசி வரைக்கும் சார் இந்த 'முதல்ல டிரிப், அப்புறம்தான் பாறை' பாடத்தை வேற யாரையும் நடத்த விட்டதில்லை. ஜாக்கைப் பிடிச்சிருந்தவர் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். போன மாசம் சார் காலமாயிட்டார்" என்றார்.

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை, டாக்டர். வீட்டில் சத்தமாகச் சிரித்த என் மனிதர், முகம் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடமாகிவிட்டார். நீங்கள் செய்தது சரியென்று என் அறிவுக்குத் தெரியும். ஆனாலும் அவர் இல்லாத வீட்டில்தான் நான் இத்தனை காலம் சமைத்துச் சாப்பிட்டேன். அன்று நீங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால் உங்களை எப்போதோ மறந்திருப்பேன். உண்மையைச் சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கோபம் என்னோடே இருந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொள்ள உரிமை உள்ள ஒரே ஆளும் இப்போது இல்லை.