துபாயில் இருந்த அண்ணனுக்கு

அண்ணா,

இன்று மத்தியானம் பாண்டி பஜாரில் ஒரு கடைக்காரர் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்து, "சும்மா சாப்ட்டுப் பாருங்கம்மா" என்று ஒன்றை என் கையில் வைத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். விதையைத் துப்ப இடமில்லாமல் கைக்குள் மூடியபடியே பஸ் ஏறினேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். கை பிசுபிசுத்தது, அவ்வளவுதான்.

உன்னைத் துபாய்க்கு அனுப்பியவள் நான். ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்காக வந்த சண்டையில் நீ ஒருவரைத் தள்ளிவிட்டாய். பிளாட்பாரக் கல்லில் தலை மோதி அவர் இறந்துபோனார். உனக்குத் தண்டனை ஆனதும் நாங்கள் மந்தைவெளி வீட்டைக் காலி செய்துகொண்டு பெருங்குடிக்கு வந்தோம். சாமான் இறக்கும்போதே கீழ்வீட்டு அக்கா கேட்டார்: "கூடப் பொறந்தவங்க யாரும் இல்லியா?"

"ஒரு அண்ணன். துபாய்ல இருக்கான்."

யோசிக்கவே இல்லை, அப்படியே வாயில் வந்துவிட்டது. என் மகளுக்கு, உன் மருமகளுக்கு, அப்போது பன்னிரண்டு வயது. நீ வெளியூர் போயிருப்பதாகத்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். "துபாயா? எங்கிட்ட சொல்லவே இல்ல!" என்று குதித்தாள். என் வீட்டுக்காரர் கட்டில் காலை முடுக்கிக்கொண்டிருந்தவர், என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் சும்மா இருக்க முடியுமா? கிறிஸ்துமஸ் வந்தால் துபாய் அண்ணன் என்ன அனுப்பினான் என்று கேட்பார்கள். தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்குப் பின்சந்தில் பேரீச்சம்பழமும் சென்ட் பாட்டிலும் வாங்கி, விலை ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். இதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் காவலர் திரும்பிப் பார்த்தார்.

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதை 'மனு பார்ப்பது' என்பார்கள். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை எனக்கு மனு. கிண்டியில் இறங்கி வேறு பஸ் மாறி, ஒன்பது மணிக்குள் வரிசையில் நிற்க வேண்டும். கைதியின் பெயர், என் பெயர், உறவு. உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதுவேன். ஊரில் நான் உண்மை எழுதிய ஒரே தாள் அதுதான். உள்ளே இரண்டு கம்பிவலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. அந்தப் பக்கம் இருபது பேர், இந்தப் பக்கம் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பக்கத்துப் பெண்ணின் வக்கீல் கதைதான் எனக்குத் தெளிவாகக் கேட்கும். நாமும் கத்தினோம்.

"சாப்ட்டியாண்ணா?"

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் இதையே கேட்டுக்கினு! துபாய் எப்டி கீதுன்னு கேளு."

"எப்டி இருக்கு?"

"செம வெயிலு. ஷேக்கு நம்மள வுடவே மாட்டேன்றான்."

ஜெயிலிலிருந்து நீ போன் பண்ணும் நாட்களில் நம்பர் தெரியாதபடி நானே எடுத்து, காதில் வைத்துப் பேசிவிட்டு உன் மருமகளிடம் கொடுப்பேன். வீடியோ காலில் வரச் சொல்லி அடம் பிடிப்பாள். அந்த ஊரில் அதற்குத் தடை என்று எங்கோ கேள்விப்பட்டதைச் சொல்லிச் சமாளித்தேன். "மாமா, ஒட்டகம் பாத்தியா?" என்பாள். "டெய்லி பாக்குறேன் குட்டி. எங்க மேஸ்திரி மூஞ்சியே அப்டித்தான் கீது" என்பாய். பின்னால் விசில் ஊதும். கம்பெனியில் சாப்பாட்டு நேரம் என்பாய். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேட்பேன்.

ஆறாவது வருஷம், கடைசியாகப் பார்த்த செவ்வாய்க்கிழமை, நீ சிரிக்கவில்லை. வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு, "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதும்மா. டாக்டரு மாத்திரை குட்த்துக்கீறாரு" என்றாய். பிறகு, "எனக்கு எதுனா ஆச்சுன்னா துபாய்லயே செத்துட்டேன்னு சொல்லிடு. புள்ளைக்கு நல்ல எடம் வரணும்" என்றாய்.

"வாய மூடுண்ணா" என்று கத்தினேன். கத்தியது நிஜம்தான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதை இப்போது உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீயே சொல்லிவிட்டாய், இனி என் தலையில் பாரமில்லை என்று நினைத்தேன்.

பதினோரு நாள் கழித்து விடிகாலையில் ஜெயிலிலிருந்து போன் வந்தது. விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிய இரண்டு நாள் ஆயிற்று. என் வீட்டுக்காரர் கையெழுத்துகளுக்காக வெளியே அலைந்துகொண்டிருந்தார். உன்னை அடையாளம் காட்ட நான் மட்டும் பிணவறைக்குள் போனேன். எப்போதும்போல மோவாயில் வெட்டிக்கொண்டு சவரம் செய்திருந்தாய். கண் சரியாக மூடவில்லை. மூடிவிட்டேன். போதும் வாங்க என்று அந்த ஊழியர் இரண்டு தடவை கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு பெட்டியை மூடியேதான் கொடுத்தார்கள்.

அப்பா கல்லறையிலேயே வைத்துவிடலாம் என்றார் இவர். பழைய சர்ச் பங்குக்காரர்கள் யாராவது பார்ப்பார்கள், வேண்டாம் என்றேன். ஊரின் இன்னொரு மூலையில், ஒரு சாமியார், குழிவெட்டிய இருவர், நாங்கள் இருவர், அவ்வளவு பேர்தான். வீட்டில், துபாயில் மாரடைப்பு, அங்கேயே அடக்கம் என்று சொன்னோம். உன் மருமகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கீழ்வீட்டு அக்கா தேம்பித் தேம்பி அழுதார். நான் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

நான்கு வருஷம் ஓடிவிட்டது. நீ சொன்ன நல்ல இடம் வந்திருக்கிறது, அண்ணா. அடையாறில் வீடு, பையன் ஆசிரியர். போன ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். பேச்சு வாக்கில் பையனின் அம்மா, "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லீங்களா?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"துபாய்ல இருந்தாருங்க. அங்கயே தவறிட்டாரு."

"அய்யோ, கூடப் பொறந்தவராச்சே! கடைசியா மூஞ்சியக்கூடப் பாக்க முடியலையா?"

"இல்லீங்க. பாக்க முடியல."

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் கடைசி முகத்தைப் பார்த்தது இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். அதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன், அண்ணா. நாக்கு குழறக்கூட இல்லை.