சட்டைக்குள் மறைக்க ஒரு ரிவால்வர்

மச்சான்,

குளிர் ஜாக்கெட்டைத் தோய்க்க எடுத்தபோது பையிலிருந்து காதை அடைக்கும் இரண்டு மஞ்சள் பஞ்சுத் துண்டுகள் விழுந்தன. எல்லைக்கு அப்பால் மிச்சிகனில் உன் தங்கை மகன் நம்மைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனபோது தந்தவை. சலவை மெஷினுக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன்.

அதற்குச் சற்று முன்னர்தான் முகமூடிக்காரர்கள் கனடாவில், நம் ஸ்காபரோவில், உன் நகைக்கடைக் கண்ணாடிகளைச் சுத்தியலால் நொறுக்கியிருந்தார்கள். பிறகு கதவு மணி அடித்தாலே நீ மேசைக்குக் கீழே குனிந்துவிடுவாய்.

அங்கே மோதிரம் தெரிவுசெய்கிறவனைப் போல ஒவ்வொரு ரிவால்வராகக் கையில் ஏந்திப் பார்த்தாய். நீண்ட குழல் குறி பார்க்க நல்லது, ஆனால் இடுப்பில் துருத்தும். குட்டைக் குழல் சட்டைக்குள் அடங்கும், ஆனால் சுடும்போது கையை உதைக்கும். நீ குட்டையையே எடுத்தாய். விசை இறுக்கம், நீ வலிந்து இழுக்க முனை சரிந்து, குண்டு காகித மனிதனின் நெஞ்சுக்குப் பதில் தொடையில் பட்டது. "தொடையில பட்டாலும் ஓடமாட்டான்தானே" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும் வழியில் கோப்பிக் கடையருகே காரை நிறுத்தினாய். கனடாவில் ரிவால்வரைச் சட்டைக்குள் வைத்துத் திரிய அனுமதி கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

"மருமோன் பெடியன் ரிவால்வர் ஒண்டு எடுத்துத் தாறன் எண்டவன். சீற்றுக்குக் கீழ வைச்சுக் கொண்டுபோவமோ?"

"உனக்கென்ன விசரே? எல்லையில பிடிச்சா மறியலுக்குள்ள போட்டிடுவாங்கள். தப்பினாலும், வெள்ளிக்கிழமையில கடை பூட்டி நேர கோயிலுக்கெல்லோ போறனி? அங்க சாமி கும்பிடச் சேட்டுக் கழட்டேக்க உந்தச் சாமானை எங்க ஒளிப்பாய்?"

சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்தாய். பிறகு, "ஐயர் விபூதித் தட்டைப் போட்டிட்டு ஓடுவார்" என்றாய். கண்ணீர் வரச் சிரித்தோம். வெறுங்கையோடு எல்லையைக் கடந்தோம்.

அடுத்த மாரிக் குளிரில் முகமூடிக்காரர்கள் மறுபடி கடைக்கு வந்தார்கள். யாரோ ஒருத்தி திருத்தக் கொடுத்த தாலிக்கொடியை விடமாட்டேன் என்று மறித்தாயாம். சுத்தியல் உன் தலையில் விழுந்தது.

நீ போய் எட்டாம் நாள், எட்டுச்செலவன்று, உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள். "அண்ணை, நீங்கள் மறிச்சதை அவர் எனக்குச் சொன்னவர். அண்டைக்கு அந்த ரிவால்வர் அவரிட்ட இருந்திருந்தா?" பழியாகக் கேட்கவில்லை. அறிய விரும்பித்தான் கேட்டாள்.

எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன், மச்சான். நீ ஒருவனைக் கொன்றிருப்பாய், அல்லது அதை இழுத்தெடுக்குமுன்பே செத்திருப்பாய். நான் மறித்தது சரிதான், நாளைக்கும் மறிப்பேன். ஆனால் அவள் இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். உன் வீட்டுப் படியேற எனக்குப் பயமாக இருக்கிறது.