நெடுங்கழித் தோணியின் ஒற்றியோலை மூன்றாம் முறையும் திரும்பியது பற்றி

கடலும் கழனியும் ஒருங்கே காக்கும் அலைவென்ற பெருங்கோவின் ஆணை நீடு நிற்க; அவர் குடை நிழலில் வாழும் நெடுங்கழிப் பட்டினத்தில் வலை வெறுமையாய்த் திரும்பாது, துறைவிளக்கு அணையாது விளங்குக. கோடலூரில் ஆவணக்களரி அதிகாரம் பூண்டு, நாட்டின் விலையும் கொடையும் ஒற்றியும் முத்திரையிட்டு ஏட்டில் பதியும் கண்டன் அரையதேவன், பட்டின நாயகமாய் வீற்றிருக்கும் எயினன் உதாரர்க்கு விடுக்கும் ஓலை. உமது குலமும் கோயிலும் நலமென்று நம்புகிறேன். என் நலம் கேளாதிருப்பீராக. மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செய்தி இது. உமது பட்டினத்தில் கயிற்றுச் சாலை நடத்தும் வெண்ணாகி என்பாள், தோணி உடையானான கோளூரனுக்குப் பாயும் வடமும் கடனாகக் கொடுத்து, அதற்கு ஈடாக அவன் தோணியை ஒற்றி பெற்றாள். ஒற்றியோலை நம் களரியில் பதியும்வரை ஈடு என்பது வெறும் வாய்ச்சொல்லே என்பதும், ஒரே பொருளுக்கு இருவர் வந்தால் முதலில் பதிந்தவர்க்கே உரிமை என்பதும் நீர் அறிந்தவை. அவள் ஓலை மூன்று முறை வந்தது. மூன்று முறையும் நான் திருப்பினேன். கடலுக்குச் சென்றுள்ள தோணி முழுமதியன்று துறை சேரும். அதற்குள் பதிவாகாவிடில் அவள் ஓராண்டு திரித்த கயிறெல்லாம் பிறர் கைக்குப் போகும். அவளை நம்பி நார் திரிக்கும் முப்பது பெண்டிர் வீட்டில் உலை ஏறாது.

முதல் ஓலையில் தோணியின் பெயர் புதுநிலவு என்றிருந்தது. அப்பெயரில் எம் ஏட்டில் தோணியே இல்லை. வினவியபோது, உமது கரையில் புயலுக்குத் தப்பிய தோணிக்கு வேறு பெயர் சூட்டுவர் என்றும், பழைய பெயரைச் சொன்னால் விட்டதைத் தேடிக் கடல் மீண்டும் வரும் என்று அஞ்சி எவரும் உச்சரியார் என்றும் அறிந்தேன். அவ்வச்சத்தை நான் நகையாடவில்லை. ஆயினும் அடிமரத்தில் முதன்முதல் செதுக்கிய பெயரையே ஏடு அறியும். நாளை வேறொருவர் அத்தோணியின்மேல் கடன் கொடுக்குமுன் ஏட்டைப் புரட்டினால், புதுப்பெயரில் எழுதிய ஒற்றி அவர் கண்ணில் படாது. இதை எழுதித் திருப்பினேன். இரண்டாம் ஓலையில் பெயரே இல்லை. ஊரறிந்த தோணி என்று மட்டும் எழுதியிருந்தது. ஊர் அறியும், கோடலூர் அறியுமா? எனக்குச் சினம் மூண்டது. அந்தச் சினத்தில் பெயர் இல்லை என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன்.

அங்கேதான் நான் தவறினேன், உதாரரே. தோணி கோளூரனுக்கும் அவன் தம்பிக்கும் பொது. உமது பட்டினத்தில் மூத்தவன் ஓலையில் கைக்குறியிட்டால் வீடே குறியிட்டதாகக் கொள்வர். எம் ஏடோ உடையார் இருவர் என்றால் இருவர் குறியும் கேட்கும். தம்பியின் குறி இல்லை என்பதை இரண்டாம் ஓலையிலேயே கண்டேன், கண்டும் எழுதவில்லை. மூன்றாம் ஓலை வந்தது. அதில் பழைய பெயர் இருந்தது. அதை எழுத உமது எழுத்தர் மறுத்தமையால் வெண்ணாகியே தன் கையால் எழுதினாள் என்றும், எழுதிய பின் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை என்றும், கடலிலுள்ள அத்தனை பேர் உயிரையும் இந்த நான்கு எழுத்துக்கு விலையாக வைத்தேனே என்று அரற்றினாள் என்றும் ஓலை கொணர்ந்த ஓட்டன் உரைத்தான். அந்த ஓலையையும் தம்பியின் குறி இல்லை என்று திருப்பினேன். வேறு செய்ய எனக்கு உரிமை இல்லை. அன்று முதல் உண்பது உடம்பில் ஒட்டவில்லை.

இந்நிலையில் நேற்று, அதே தோணிக்கு இன்னோர் ஒற்றியோலை வந்தது. விடுத்தவர் உமது பட்டினத்தில் தானியம் விற்கும் கூலவாணிகர் காரி பொன்னன். உள்நாட்டில் பிறந்தவர் ஆகையால் பழைய பெயரை அஞ்சாமல் எழுதியிருக்கிறார். தம்பி வேலை செய்யும் உப்பளத்துக்கே சென்று அவன் குறியும் வாங்கியிருக்கிறார். கோளூரன் ஒரே தோணியை இருவர்க்கு ஈடு காட்டியது தனி வழக்கு. அவனைப் பின்னர் கவனிப்பேன். பகல் முழுதும் அவ்வோலையில் குற்றம் தேடினேன் என்பதை உம்மிடம் மறைப்பானேன்? ஒன்று அகப்பட்டது. ஈடு பெறுபவர் பொருளைக் கண்ட நாளை ஓலையில் எழுத வேண்டும்; இவர் தோணியைக் கண்ணால் கண்டது ஒன்பதாம் நாள் என்றிருக்கிறது. தோணியோ ஆறாம் நாளே துறை நீங்கியது. ஆகவே அதுவும் திரும்புகிறது. ஆனால் கண்ட நாளை மாற்றிப் புதிது எழுதி விடுக்க அவருக்கு ஒரு பகல் போதும்.

ஆதலால் இது கண்டவுடன் நீரே எழுத்தாணி எடுப்பீராக. பழைய ஓலையைச் சுரண்டித் திருத்துவது ஆகாது. புதிய ஓலை வேண்டும். பழைய பெயரை அவளை எழுத விடாதீர். நீர் மலைநாட்டில் பிறந்தவர், கடலுக்கு உம்மேல் பகையில்லை. உமது துறையேட்டைப் பார்த்து வாய் திறவாமல் எழுதும். இவ்வோலையிலும் அப்பெயரை நான் எழுதவில்லை. வாசிப்பவர் உதடு அசையும். கரையிலேயே இருக்கும் அண்ணன் குறியோடு தம்பியின் குறியும் வாங்கும். அவன் மறுப்பவன் அல்லன், வெண்ணாகிக்காக இதுவரை அவனைக் கேட்டவர்தாம் இல்லை. அவள் பாய் கட்டிய நாளையே தோணி கண்ட நாளாகக் குறியும். கயிறு கோக்கும் துளையருகே எழுத்து வேண்டாம். சென்ற ஆண்டு ஓர் எருதின் ஒற்றி அப்படித்தான் துளையோடு போயிற்று.

இன்னொன்று. திருப்பும் ஓலைகளைக் காரணத்தோடு ஒரே நாளில் ஒரே ஓட்டனிடம் கொடுப்பது களரியின் முறை, அதை மீறேன். பொன்னனின் ஓலையும் இந்தப் பையிலேயே வருகிறது. பையில் மேலிருப்பதை முதலில் கொடுப்பது ஓட்டர் வழக்கம். உமக்கு எழுதும் இவ்வோலையை மேலே வைத்துக் கட்டுகிறேன். முப்பதாண்டுப் பணியில் நான் செய்த ஒருதலைப்பட்சம் இவ்வளவே. இதற்கு மேல் என்னால் ஆகாது.

பெருங்கோவின் ஆணையால் இது செய்க. ஆவணக்களரி முத்திரை. அரக்கு இன்னும் ஆறவில்லை, ஓட்டன் புறப்பட நிற்கிறான்.