எல்லாம் சூடு என்றார்கள்

செப்டம்பர் 10, 2024, செவ்வாய்

இன்று கிளினிக் நாள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, தொட்டில் சேலைகளை அவிழ்த்து, மறுபக்கம் உட்கார வாங்கு போட்டு, கயிறு கட்டித் திரை தொங்கவிட்டேன். தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்க்கிறவள் நான். மாதத்தில் ஒரு நாள் இந்த வேலையும் என் தலையில்.

ஒவ்வொருத்தியும் திரைக்குப் பின்னால் போய், மிட்வைஃப் தனலெட்சுமி மிஸ்ஸிடம் அங்கே வலி, இங்கே வலி என்று சொல்லிவிட்டு முகம் தெளிந்து வெளியே வருகிறாள். திரை கட்டுகிற எனக்குத்தான் உள்ளே போக வழியில்லை. கழுத்தில் தாலி இல்லையே! கல்யாணமாகாதவள் மிட்வைஃப் முன்னால் உட்கார்ந்தால், சாயங்காலத்துக்குள் ஏழு லயத்து வீடுகளிலும் எனக்கு வயிற்றில் பிள்ளை வந்துவிடும்.

அடிவயிறு பிடித்து இழுக்கிறது. வெள்ளை படுகிறது, வாடையும் — எழுதவே கூச்சமாக இருக்கிறது. சே, என் வலியை நான் எழுதக் கூடவா கூச்சம்?

அம்மா வெந்தயம் ஊறவைத்துத் தருகிறார். "அடுப்படியிலேயே நின்னு பால் கரைக்கிறியே, சூடு ஏறிருச்சு. வேற ஒன்னுமில்ல."

மிஸ் போகும்போது கேட்டார்: "ஜீவராணி, நீ எப்ப இந்த வாங்குல உக்காரப் போற?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிரவீனன் போனில் பேசினான். அடுத்த வாரம் ஓட்டுப் போட வருகிறானாம். ஆடித் திருவிழாவுக்கு வந்து போனவன். கொழும்பில், புறக்கோட்டை இரும்புக் கடையில் நின்று நின்று அவன் குரல்கூடக் கரகரத்துப் போயிருக்கிறது. அந்தக் கரகரப்பையே இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வந்தான். யூக்கலிப்டஸ் காட்டுப் பக்கம் பார்த்தோம். இரண்டு வருஷமாக எங்களுக்கு அந்த இடம்தான். வேறு எங்கே போவது, லயத்தில் அடுத்த காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும்.

கிட்டே வந்தபோது வலிக்கிறது என்று சொன்னேன். அவன் முகம் வெளுத்துப் போனது. "ஏய் ஜீவா, தள்ளிப் போயிருச்சா?"

"அதெல்லாம் இல்ல. வேற வலி."

பெருமூச்சு விட்டானே பார்க்கணும்! "அப்ப சூடா இருக்கும். எளநி குடி." இவனுக்கும் சூடு. நமுனுகுல மலையில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறோம், எங்கிருந்துதான் வருகிறதோ எங்களுக்கு மட்டும் இந்தச் சூடு.

ஆனாலும் போகும்போது என் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துவிட்டான். அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் மாத்திரை. அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார்.

அக்டோபர் 8, செவ்வாய்

கிளினிக் முடிந்து எல்லாரும் போன பிறகு திரையை மடித்துக்கொண்டே ஆரம்பித்தேன். "மிஸ், என் சிநேகிதி ஒருத்தி..." அதற்கு மேல் வரவில்லை.

மிஸ் பையை மூடவில்லை. "நெருப்புன்னு சொன்னா வாய் சுட்டுருமா? சொல்லு."

சொன்னேன். சிநேகிதிக்கு வலி, சிநேகிதிக்கு வாடை, சிநேகிதிக்கு ஒருத்தன் இருக்கிறான். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். நல்ல மனுஷி.

"உன் சிநேகிதிய பதுளையில இதுக்குன்னே இருக்கிற கிளினிக்குக்குப் போகச் சொல்லு. கல்யாணம் ஆயிருச்சான்னு அங்க கேக்க மாட்டாங்க. பேரச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாங்க, நம்பர்தான். காசு இல்ல. வெந்தயத்த நம்பிக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லு."

வாசல் வரை போய்த் திரும்பி, "இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போடாம இருக்கச் சொல்லு," என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

பிளவுஸ் துணி வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போனேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை, வளைவுக்கு வளைவு வலி.

டொக்டர் சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் கடைவீதி அளவுதான். றஷீனா என்று ஒரு நர்ஸ், முக்காடு போட்டவர், பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். ஒரு வார்த்தைக்குக்கூட முகம் சுளிக்கவில்லை. பரிசோதித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள்.

கிருமியாம். ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்கு வருவதாம். மாத்திரைக்குச் சரியாகும். "இப்ப வந்தது நல்லம் தங்கச்சி. விட்டிருந்தா உள்ளுக்குக் குழாய் அடைபட்டுப் பிள்ளை தங்குறதே கஷ்டமாப் போயிருக்கும்."

பிறகு சொன்னார்: "உங்கட ஆளும் வந்து மருந்து எடுக்கணும். ஆம்பிளைக்குச் சில நேரம் ஒன்னுமே தெரியாது. ஆனா அவர் எடுக்காட்டி உங்களுக்குத் திரும்பவும் வரும்."

திரும்பும் பஸ்ஸில் அழுதேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பால் கரைத்து, தொட்டில் ஆட்டி, மூக்குத் துடைக்கிறேன். என் மடியில் ஒன்று கிடக்காமலே போயிருக்குமே! வெந்தயம், விளக்கெண்ணெய், இளநீர். அடப் பாவிகளா. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், "வீட்ல வாசிச்சிக்கங்க," என்று பக்கத்தைத் திருப்பினார். வீட்டில் யார் வாசித்தது? பன்னிரண்டு வயதிலேயே யாராவது ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

அக்டோபர் 15, செவ்வாய்

அவனிடம் போனில் சொன்னேன். நீயும் மருந்து எடு என்றேன். அவன் கேட்டான்:

"நீ எவன்கிட்ட போன?"

எனக்கு நீ மட்டுந்தானடா. நீ மட்டுந்தான். எப்பிடிடா வாய் வந்துச்சு ஒனக்கு? நான் ஒன்னைக் கேட்டேனா? கொழும்புல எங்க போன, யார்கிட்ட போனன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? மருந்து எடுன்னுதானே சொன்னேன் — வேற என்னடா சொன்னேன் —

போனை வெட்டிவிட்டான்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வந்திருக்கிறான். மேல் லயத்தில் சீனவெடி கொளுத்திக்கொண்டிருந்தான். நீலச் சட்டை, புதுசு. நான் தண்ணிக் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தும் நின்றேன். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வெட்கங்கெட்ட மனசு. ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்கிறது.

நவம்பர் 2, சனி

சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு பின்வாசலில் வந்து நின்றான். கதவைச் சாத்தத்தான் போனேன். சாத்தவில்லை. தோளில் கை வைத்தான். அந்தச் சட்டையின் புதுத்துணி வாசம். ஆத்தாடி, எனக்கும் ஆசைதான். எவ்வளவு ஆசை என்று இந்த எழுத்துக்குத் தெரியாது.

"போனியா?" என்று கேட்டேன்.

"எங்க?"

"கிளினிக்குக்கு. கொழும்புலயும் இருக்கு. பதுளைன்னா நானே கூட வர்றேன். பஸ்ஸுல தூர உக்காந்துக்கலாம்."

"எனக்கு என்ன வந்துச்சு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீயும் அந்த மிஸ்ஸும் சேர்ந்து என்னைய நோயாளியாக்கப் பாக்குறீங்க."

"அப்ப தொடாத."

போய்விட்டான். நானே போகச் சொன்னேன். நானே வாசலிலும் நின்றேன்.

நவம்பர் 11, திங்கள்

மறுபடியும் பதுளை. சரியாகிவிட்டதாம். இரத்தத்திலும் ஒன்றுமில்லை. றஷீனா மிஸ் கையைத் தட்டிக் கொடுத்தார். சொல்லிச் சந்தோஷப்பட ஒருத்தன் இருந்தான், அவன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை.

டிசம்பர் 25, புதன்

ஒன்றுமில்லை. அவன் வரவில்லை. மழை.

ஜனவரி 17, 2025, வெள்ளி

பிரவீனனுக்குப் பரிசம் போட்டாயிற்று. பெண், தோட்டத்தின் கீழ் டிவிஷன் தனுஜா. அம்மா மீன் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். மாசிக் கடைசியில் கல்யாணம்.

தனுஜாவை எனக்குத் தெரியும். அவள் அக்கா பிள்ளையை என்னிடம் விட வருவாள், வாயெல்லாம் பல். இருபது வயசு.

சாப்பிட முடியவில்லை. சூடாக இருக்கும் என்றார் அம்மா.

ஜனவரி 19, ஞாயிறு

இரண்டு நாளாக எனக்காக அழுதேன். இன்றைக்குத்தான் அவளைப் பற்றி நினைப்பு வந்தது. அவன் மருந்து எடுக்கவில்லை என்றால்? அந்தப் பிள்ளைக்கும் அதே வலி, அதே வெந்தயம், கடைசியில் மலடி என்ற பேரும் அவளுக்கே.

சொல்லலாம். சொன்னால் என்ன சொல்வார்கள்? வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மா தூக்கில் தொங்குவேன் என்பார்.

ஜனவரி 21, செவ்வாய்

மிஸ்ஸிடம் பேசினேன். பேர் சொல்லவில்லை. "கல்யாணம் ஆகாதவங்களுக்குத் தனியா ஒரு நாள் வைங்க மிஸ். பிளவுஸ் தைக்கக் கத்துக் குடுக்கிறோம்னு கூப்பிட்டா வருவாங்க."

"பொய் சொல்லிக் கூப்பிட்டா, நாம சொல்றதும் பொய்னுதான் நெனப்பாங்க. உள்ளதச் சொல்லியே கூப்பிடுவோம். கல்யாணம் பேசினதுக, பேசாததுக, பொடியனுக, எல்லாரும் வரட்டும்."

ஒருத்தியும் வரமாட்டாள் என்றேன். பார்ப்போம் என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

வந்தார்கள்! பெண்கள் ஆறேழு பேர் உள்ளே, பொடியன்கள் வாசலில் தோளில் தோள் முட்டிக்கொண்டு. தனுஜா முன்வாங்கில். மிஸ் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார். உறை போடுவது எப்படி என்று காட்டியபோது வாசலில் ஒரே கெக்கலிப்பு. ஆனால் ஒருவனும் நகரவில்லை.

ஒருத்தன் கேட்டான்: "மிஸ், நீர்க்கடுப்பு சூட்டுல வர்றதுதானே?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "சூடு சூடுன்னு சொல்லிச் சொல்லியே எத்தனை பேரு குடி கெட்டுச்சுன்னு தெரியுமா?" என்று கத்திவிட்டேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மிஸ் உடனே, "ஜீவராணி சொல்றது சரி," என்று பேச்சைத் தொடர்ந்தார். நான் தலை குனியவில்லை. பயமில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தனுஜா இன்றைய கூட்டத்துக்கும் வந்தாள். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பேரும் கிளினிக்குல பாத்துக்கிறது நல்லதுன்னு மிஸ் சொன்னாங்களே. அவருகிட்ட எப்பிடிக்கா கேக்குறது? சந்தேகப்படுறேன்னு நெனச்சுக்குவாரோ?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவனை நான் திட்டியும் கேட்டேன், கெஞ்சியும் கேட்டேன். இனி எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னை விட யாருக்குத் தெரியும்?

"போன்னு சொல்லாத. போவோம்னு சொல்லு. நீயும் பாத்துக்க. பசி நேரத்துல மட்டும் பேசாத, ஒன்னும் ஏறாது. சாப்பிட்டதும் பேசு."

"ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"ஆம்பளைங்க எல்லாரும் அப்பிடித்தான்டி."

சிரித்துக்கொண்டு ஓடினாள். மாசி முடிவதற்குள் அவன் போகவில்லை என்றால் நானே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். முடிவெடுத்தாயிற்று.

பிப்ரவரி 12, புதன்

அவன் வந்திருக்கிறானாம். நான் வெளியே போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

பிள்ளையை விட வந்த தனுஜா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனாள்.

"அக்கா, போயிட்டு வந்துட்டோம்! எனக்கு ஒன்னுமில்ல. அவருக்குத்தான் கொஞ்சம் இருந்துச்சாம், மாத்திரை குடுத்தாங்க. நான்தான் பக்கத்துல நின்னு குடிக்க வைக்கிறேன், இன்னையோட முடியுது."

"கேட்டதும் திட்டலையா?"

"இல்லையேக்கா. கொஞ்ச நேரம் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தாரு. அப்பறம் சரி வா போவோம்னாரு."

"எங்கருந்து வந்துச்சுன்னு நீ கேக்கலையா?"

"எதுக்குக்கா? எங்கருந்துன்னு நோண்ட வேணாம், சுகமாயிருச்சான்னு பாத்தாப் போதும்னுதானே மிஸ் சொன்னாங்க."

கல்யாணத்துக்கு நான்தான் சேலை கட்டிவிட வேண்டுமாம். சரி என்றேன்.

சந்தோஷப்படு ஜீவராணி. நீ கேட்டது நடந்துவிட்டதே. அந்தப் பிள்ளைக்கு இனி ஒன்றும் வராது. சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனாள், பாவி மகள். பயத்தில் அவன் உள்ளங்கையெல்லாம் வேர்த்துப் போயிருந்ததாம். பதுளை போய்ச் சேரும் வரைக்கும் இவள் கையை விடவே இல்லையாம்.