கம்ப்யூட்டர் பெட்டிக்கு நீல விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் வீட்டுக்காரர் மருந்துக் கிடங்கு வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கலர் விளக்கு வைக்கிறாராம். இதற்கென்றே விற்கும் விளக்கெல்லாம் யானை விலை. அதனால் கார் சாமான் கடையில் ஒட்டுகிற எல்.இ.டி. பட்டி ஒரு சுருள் வாங்கி வந்திருக்கிறார். பெட்டியின் பக்கத் தகட்டை அறுத்து ஜன்னல் போட்டாயிற்று. அதை மூடப் பழைய போட்டோ ஃப்ரேமின் பிளாஸ்டிக். நாற்பத்தாறு வயதில் இதென்ன ஆசை?

மார்ச் 7, சனி

"வா, வா, வந்து பாரு" என்று கூப்பிட்டார். போனில் வீடியோ எடுத்துக்கொண்டே போனேன். சுவிட்சைப் போட்டதும் பளிச்சென்று நீலம். கொஞ்ச நேரம்தான். சூட்டில் பசை விட்டு, பட்டி தொங்கி, பெட்டிக்குள் இருக்கிற ஃபேனில் மாட்டி டர்ர்ரென்று ஒரு சத்தம். அவர் பதறி ஒயரைப் பிடுங்கப் போய் மேசையில் மண்டையை இடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா, தம்பி எல்லாரும் இருக்கிற எங்கள் பிறந்த வீட்டு வாட்ஸப் குரூப்பில் வீடியோவைப் போட்டேன். 'எங்க வீட்டு விஞ்ஞானி.' அவர் அந்தக் குரூப்பில் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

பட்டியை வெள்ளை ஃபைல் அட்டைக்குப் பின்னால் வைத்துக் கட்டியிருக்கிறார். இப்போது விழவில்லை. வெளிச்சமும் கண்ணைக் குத்தவில்லை.

"எப்படி இருக்கு?"

"ம்" என்றேன். குரூப்பில் வந்த கிண்டல்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. வாசலிலேயே தம்பி, "வாங்க விஞ்ஞானி" என்றான். அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

சாப்பிட்டதும் அக்கா வீட்டுக்காரர் அந்த வீடியோவை டி.வி.யில் போட்டார். பெரிய டி.வி. இவர் சட்டையில் அக்குள் பக்கம் தையல் விட்டிருப்பதுகூடத் தெரிந்தது. மண்டையை இடித்துக்கொள்கிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே என் சிரிப்பு — நானா அது? தாலி கட்டினவரைப் பார்த்து இப்படியா சிரித்தேன்?

இவரும் சிரித்தார். அதை எழுதத்தான் கை வரவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, "ஆமா, பசை சரியில்ல" என்றார்.

பஸ்ஸில் வழக்கம்போல என் பையைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். திட்டித் தொலைத்திருக்கலாமே.

மார்ச் 16, திங்கள்

விளக்கைக் கழற்றிவிட்டார். ஜன்னலைப் பழுப்பு அட்டை வைத்து மூடியிருக்கிறார்.

"ஏங்க எடுத்துட்டீங்க?"

"கரண்ட் இழுக்குது."

இவர் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சட்டைகூட நான் எடுத்துக்கொடுத்தால்தான். முதன்முதலாக ஒன்று ஆசைப்பட்டார். அதை ஊர் சிரிக்கக் காட்டினது யார்? நான்தான். வேறு யாருமில்லை.

மார்ச் 18, புதன்

குரூப்பில் எழுதினேன்: 'அந்த வீடியோவ நான் போட்டது தப்பு. இனிமே அத வச்சு யாரும் அவரக் கிண்டல் பண்ணாதீங்க.'

உடனே அக்காவின் போன். "என்னடி, சண்டையா? வெளையாட்டுக்குப் போட்டத இவ்வளவு பெருசு பண்றாரா?"

"அவர் ஒண்ணுமே சொல்லலக்கா."

"அப்புறம் நீ எதுக்குப் புலம்புற?"

தம்பி ஒரு படி மேலே போய்விட்டான். கிடங்கில் வேலையாக இருந்தவரைப் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டானாம். கூட வேலை செய்கிறவர்கள் என்ன ஏது என்று விசாரிக்க, இவர் அங்கேயும் சிரித்து மழுப்பியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்தவர், "இப்ப எதுக்கு அதக் கிளறின? அவங்களே மறந்திருப்பாங்க" என்றார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக.

நான் குரூப்பில் எழுதியது அவருக்காகவா, என் பாரம் இறங்கவா? ச்சே.

மார்ச் 19, வியாழன்

பேசிக்கொண்டோம். பால். கேஸ். ஒழுகுகிற குழாய்.

மார்ச் 24, செவ்வாய்

நான் வேலை செய்கிற கடைக்கு இன்று லீவு. அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பட்டி கிடைத்தது. ஒரு சோப்பு டப்பாவுக்குள், மடங்காமல் பத்திரமாகச் சுருட்டி வைத்திருக்கிறார். நானே மறுபடி ஒட்டி வைத்தால் என்ன என்று கிறுக்குத்தனமாக ஒரு யோசனை. ஜன்னலைச் சுற்றி மட்டும் போதும் என்று அளந்து, கத்தரிக்கோலால் ஒரு வெட்டு. வெட்டின பிறகுதான் யோசித்தேன். கண்ட இடத்தில் வெட்டலாமா?

அவர் வந்ததும் இரண்டு துண்டையும் கையில் கொடுத்துச் சொல்லிவிட்டேன். அறை ஜன்னல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இந்தச் செம்புக் கோடு தெரியுதா? அதுல மட்டும்தான் வெட்டணும்."

"எல்லாம் போச்சா?"

"இல்ல. மூணு லைட்டுதான் போச்சு." துண்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"அன்னிக்கு ஆசையா கூப்பிட்டீங்க. நான் போனத்தாங்க பாத்தேன். வெளிச்சத்தப் பாக்கவே இல்ல." அழுதால் அவர் என்னைச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். அந்த அசிங்கம் வேறு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் துண்டுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சால்டரிங் அயர்ன எங்க வச்சேன்?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. தேடி எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 28, சனி

மத்தியானம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். நான் ஒயரைப் பிடித்துக்கொள்ள, அவர் ஈயத்தை உருக்கித் துண்டுகளைப் பற்றவைத்தார். "ஆட்டாத" என்றார். நான் மூச்சைக்கூட விடவில்லை. பெட்டிக்குள் ஒயரைச் செருகும் இடம் இருட்டாக இருந்ததால் போன் டார்ச்சை அடித்தேன். வேலை முடிந்தது. தகட்டை மூடித் திருகினார்.

சுவிட்சில் விரலை வைத்தவர் போடவில்லை. என் பக்கம் பார்த்தார். முகத்தை அல்ல, கையை.

டார்ச்சை அணைத்திருந்தேன். போன் கையிலேயே இருந்தது.

நான் எழுந்துபோய் அதைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்தேன். அவர் அசையாமல் அப்படியே இருந்தார். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் சுவிட்சைப் போட்டார்.